மூன்று வயதுக்கு மூன்று கிரவுண்டு

சென்னையில் மனை என்றால் கிரவுண்டுக் கணக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அடுக்குமாடிகளுக்கு நடுவிலும் தெருமுனையிலும் கம்பி வேலி போட்டு, கேட்டில் பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கும் மாநகராட்சிப் பூங்காக்களில் எத்தனையோ மூன்று கிரவுண்டுக்குள் அடங்கிவிடும். ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், ஒரு சீசா, நாலு சிமென்ட் பெஞ்சு, சுற்றிலும் பேவர் பிளாக் பதித்த நடைபாதை, இடமிருந்தால் எட்டு வடிவத்தில் ஒரு கூழாங்கல் பாதை. பெரியவர்கள் இரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அதே இடம் முக்கால் மணி நேரம் கொடுத்தாலும் தீராது.

குழந்தை வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஐந்து நிமிட நடையில் எட்டும் பூங்காவைப் பிடித்துக்கொள்ளுங்கள். செம்மொழிப் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா எல்லாம் மாதம் ஒருமுறை போகிற இடம். வண்டி எடுத்து, பார்க்கிங் தேடி, டிக்கெட் வாங்கி உள்ளே போவதற்குள் குழந்தைக்குத் தூக்கம் வந்துவிடும். வாரத்துக்கு நாலு நாள் போகிற பூங்காவில்தான் "நேத்து இந்தக் கிளையில பூ இல்லையே" என்று குழந்தையால் சொல்ல முடியும். அந்த "நேத்து" வருவதற்கு, ஒரே மரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் துண்டு நிலங்கள் தற்செயலாக மிஞ்சியவை அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய லேஅவுட் போடுகிறவர்கள், சாலைக்கு விட்டது போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய 45 கிரவுண்டுக்கு மேல் போனால், அந்தப் பங்கைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுத்தே ஆக வேண்டும். ஓ.எஸ்.ஆர். (ஓபன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) நிலம் என்று சொல்வது இதைத்தான். உங்கள் பேட்டையில் முள் மண்டிப் பூட்டிக் கிடக்கும் காலி இடம்கூட இப்படி ஒதுக்கியதாக இருக்கலாம். வார்டு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய பூங்காக்களின் பிறப்பு வேறு மாதிரி. மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா ஒரு காலத்தில் குட்டை. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசீநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

எப்போது போவது? பல பூங்காக்களைக் காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்து, நடுப்பகலில் பூட்டிவிடுகிறார்கள். நேரம் பூங்காவுக்குப் பூங்கா மாறும் என்பதால் கேட்டில் இருக்கும் பலகையை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். காலை 6 முதல் 8 வரை நடைபாதை வாக்கிங் போகிறவர்களுக்குச் சொந்தம். அந்த நேரத்தில் சின்னக் குழந்தை எதிர்த்திசையில் ஓடினால், வேகமாக நடந்து வருகிற பெரியவர் நிலைதடுமாறி விழுவார். போவதானால் குழந்தையைப் பாதையின் உள்பக்கம் விட்டு, எல்லோரும் போகிற திசையிலேயே நடக்கப் பழக்குங்கள். மாலையில் பள்ளி விட்டு வரும் பெரிய பிள்ளைகள் நாலரை மணிக்கெல்லாம் சறுக்கு மரத்தைப் பிடித்துவிடுவார்கள். எனவே மூன்று வயதுக்குள் என்றால் கேட் திறந்ததும் முதல் ஆளாகப் போவது நல்லது. கோடையில் அது முடியாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பினாலும் அடையாறு, மயிலாப்பூருக்கு முதலில் எட்டும். போரூர், அம்பத்தூர் பக்கம் போய்ச் சேரக் கூடுதல் நேரமாகும். மே மாதக் கத்திரி வெயிலில் ஐந்தரைக்கு முன் இறங்கவே வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் குழந்தையின் கையை விடாமல் விளையாட்டுச் சாமான்களை ஒரு சுற்றுப் பாருங்கள். மூன்று நிமிட வேலை, ஆனால் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது.

சறுக்கு மரத்தில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் குழந்தையின் தொடை பொறுக்காது. தகரச் சறுக்கு மட்டுமில்லை, கரும்பச்சை, நீல நிற பிளாஸ்டிக் சறுக்கும் சுடும். மேற்குப் பார்த்து வைத்திருந்தால் சூரியன் இறங்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும். ஃபைபர் சறுக்கில் வெடிப்பு இருந்தால் ஓரத்தில் கண்ணாடி இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை சருமத்தில் ஏறினால் நாலு நாள் அரிக்கும். வெடித்த சறுக்கில் ஏற்ற வேண்டாம். சறுக்கி இறங்குகிற இடத்தில் பிள்ளைகளின் கால் பட்டுப் பட்டு மணல் விலகிக் குழி விழுந்திருக்கும். அடியில் தூணைப் பிடித்திருக்கும் கான்கிரீட் தெரியும். ஒரு குச்சியை மணலில் செருகிப் பாருங்கள், ஒரு சாணாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஓரத்து மணலைக் காலால் தள்ளிக் குழியை நிரப்பிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

சறுக்கில் பெரியவர்கள் பாசத்தால் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. குழந்தை பயப்படுகிறதே என்று மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து சறுக்குவார்கள். குழந்தையின் ஷூவில் இருக்கும் ரப்பர், சறுக்கின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். தனியாக வந்தால் குழந்தை அங்கேயே நின்றுவிடும், அவ்வளவுதான். மடியில் இருந்தால் உங்கள் எடை முழுவதும் பின்னாலிருந்து தள்ளும், கால் திருகும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கட்டுப் போட வந்து நிற்கும் குழந்தைகளில் இப்படி வருபவர்களும் உண்டு. பயந்தால் பாதி உயரத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்து இறக்குங்கள். நாலைந்து முறையில் பயம் போய்விடும். போகாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த மாதம் சறுக்கட்டும்.

ஊஞ்சலில் பார்க்க வேண்டியது பலகையை அல்ல, உச்சியை. சங்கிலி மேல் கம்பியில் மாட்டியிருக்கும் கொக்கி உராய்ந்து உராய்ந்து உள்பக்கம் மெலியும். மேலாகப் படிந்த துரு மட்டும் என்றால் பயமில்லை. பளபளவென்று தேய்ந்து பள்ளம் விழுந்து, மற்ற இடத்தைவிடப் பாதித் தடிமனாகியிருந்தால் அது எந்த நாளும் அறுந்துவிடும். எஸ் வடிவக் கொக்கியாக இருந்தால் வாய் மூடியிருக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தாலே சட்டைத் துணி மாட்டும், நாளடைவில் சங்கிலியும் கழன்று வரும். குழந்தைகள் ஊஞ்சலில் பெரியவர்கள் உட்கார்ந்து ஆடுவது கொக்கி இவ்வளவு சீக்கிரம் தேய ஒரு காரணம். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடம் விடுவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: ஊஞ்சல் தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல இரண்டு பங்கு. கம்பி எட்டடியில் இருந்தால் முன்னால் பதினாறு அடி, பின்னால் பதினாறு அடி. சின்னப் பூங்காவில் இவ்வளவு இடம் கிடைக்காது. அதனால் கூட வந்த இன்னொரு குழந்தையை ஊஞ்சலுக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். முன்னாலோ பின்னாலோ வேண்டவே வேண்டாம்.

ஏணிப் படி, கம்பி வேலி, மேடையின் தடுப்பு எதிலும் மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் இடைவெளி இருந்தால் கவனம் தேவை. கால் முதலில் நுழையும், உடம்பும் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். கழுத்துச் செயின், தாயத்துக் கயிறு, துப்பட்டா, தொங்கும் ஹூடி நாடா எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். அரைஞாண் கயிற்றைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ஓபன் ஜிம். கடந்த சில ஆண்டுகளில் பூங்காவுக்குப் பூங்கா வைத்துவிட்டார்கள். பளிச்சென்ற நிறத்தில் இருப்பதால் அதுவும் விளையாட்டுச் சாமான் என்றே குழந்தை நினைக்கும். காலை முன்னும் பின்னும் வீசி நடக்கிற கருவியில் பெரியவர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓடி வருகிற குழந்தையின் முகம் சரியாக அந்த இரும்பு மிதியின் உயரத்தில் இருக்கும். மூட்டு இணையும் இடங்களில் விரல் நசுங்கும். இதில் பழக்குவது, மெதுவாகச் சொல்லிக் கொடுப்பது என்று எதுவும் வேண்டாம். ஐந்து வயது வரை அந்தப் பக்கமே போகக் கூடாது என்று ஒரே கோடாகப் போட்டுவிடுங்கள்.

இனி பூங்காவின் உயிரான பகுதிக்கு வரலாம்.

பெஞ்சுக்கு அடியில், மழை படாத மேடையின் ஓரத்தில், காய்ந்த மண் மாவாக இருக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். ஓர் அங்குல அகலத்தில், புனலைக் கவிழ்க்காமல் வைத்தது போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். குழியானை என்னும் பூச்சி இருக்கும் இடம் அது. குழந்தையை முழங்கால் போட்டு உட்கார வைத்து, குழியின் ஓரத்தில் நாலே நாலு மணல் துகளை விழவிடச் சொல்லுங்கள். அடியிலிருந்து மணல் மேலே தெறிக்கும். எறும்பு விழுந்துவிட்டது என்று நினைத்து, அது ஏறிப் போகாமல் இருக்கக் கீழிருந்து மண்ணை வாரி அடிக்கிறது. பூச்சியைப் பார்க்க வேண்டுமானால் குழியோடு சேர்த்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, உள்ளங்கையில் மெதுவாக ஆட்டுங்கள். மண் வழிந்து, சாம்பல் நிறத்தில் பயறு அளவு உருவம் மிஞ்சும். முதலில் செத்தது போல அசையாது. அரை நிமிடம் பொறுத்தால் நடக்கும், அதுவும் பின்பக்கமாக. முன்னால் நடக்கவே நடக்காது. உள்ளங்கையில் குறுகுறுவென்று அது பின்னால் நகரும்போது குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். பார்த்து முடித்ததும் அதே மண்ணில் விடுங்கள், உடனே பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். மறுநாள் போனால் பக்கத்தில் எங்காவது புதுக் குழி இருக்கும். இதுவே பிறகு இறக்கை முளைத்து, தட்டான் போன்ற மெலிந்த உடம்போடு இரவில் பறக்கும் என்று சொன்னால் முதலில் நம்பாது. மாலையில் பூங்கா விளக்கைச் சுற்றிப் பறப்பதில் ஒன்றைக் காட்டிவிட்டால் நம்பும்.

மரங்களை வகுப்பு எடுப்பது போலச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது, அதைக் கொடுத்தால் பெயர் தானாக ஒட்டும். மரமல்லிப் பூ இரவில் மலர்ந்து காலையில் தரையெல்லாம் கிடக்கும். நீளமான காம்பு என்பதால் நூல் இல்லாமல் தலைமுடி போலப் பின்னியே சரம் கட்டலாம். நாலு வயதுக் கைக்குப் பின்னல் வராது. இரண்டு பூவின் காம்பை முறுக்கிக் கொடுத்தால் மோதிரம். மே மாதத்தில் சிவப்பாகப் பூக்கும் குல்மொஹர் பூவின் நடுவில் பத்துக் கேசரங்கள், அதாவது நுனியில் சின்னத் தலையுள்ள இழைகள், இருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்து, நுனித் தலையைத் தலையோடு மாட்டி இழுத்தால் யார் தலை அறுகிறதோ அவர் தோற்றார். பத்தும் தீரும்வரை ஆடலாம், எண்ணிக்கையும் வந்துவிடும். அதே மரத்தின் காய்ந்த நெற்றைக் குலுக்கினால் கிலுகிலுப்பை. பெருங்கொன்றை மஞ்சளாக உதிர்த்த தரையில் படம் வரையலாம்: வரைவது என்றால், விரலால் பூவை விலக்கி வழி போடுவது. புங்க இலையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், மேலெல்லாம் சின்னச் சின்ன முண்டு இருக்கும். கண்ணுக்கே தெரியாத சிலந்திப் பேன் இலையில் கட்டிய வீடு அது. இலைக்கு இலை வேறுபடும், எண்ணிப் பார்க்கலாம்.

அதே வேலி ஓரத்தில் விஷமும் இருக்கிறது. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும் என்பதால் மஞ்சள் அரளியைப் பூங்காக்களில் நிறைய நட்டிருக்கிறார்கள். பூ குழல் போல, காய் பச்சையாக முக்கோணச் சாயலில், உடைத்தால் பால் வடியும். இலை, பூ, காய், விதை எல்லாமே விஷம், இதயத் துடிப்பைப் பாதிக்கும். காயைக் குழந்தை பந்து போல எடுத்து விளையாடும், அதனால்தான் பயம். வேலியில் படரும் குன்றிமணியும் அப்படித்தான். விதையைக் கடித்து உடைத்தால் ஆபத்து. வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, வாந்தி எடுக்க வைக்காமல், அந்தக் காயையோ இலையையோ கையில் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் தொடர்ந்து விட்டுக் கழுவிவிட்டு, அதன் பிறகு டாக்டர்.

கம்பளிப்பூச்சி பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. ரோமம் இன்னும் உள்ளே இறங்கும். செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் அதோடு வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். இதற்காகவே ஒரு சின்ன டேப் ரோலைப் பையில் போட்டு வையுங்கள். கூடவே அரை லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, மாற்று ஜட்டி, சின்னச் சோப்பு. பிஸ்கட் வேண்டாம். உதிரும் துணுக்குக்கு எறும்பு வரும், பின்னாலேயே நாயும் வரும். நாய் பக்கத்தில் வந்தால் ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் குழந்தையை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். பல்லோ நகமோ பட்டு ஒரு கீறல் விழுந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும்.

மணலில் பூனையும் நாயும் அசுத்தம் செய்திருக்கும். விளையாடும் இடத்தில் மேல் மண்ணைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள். கொக்கிப்புழு வெறும் காலில் ஏறும் என்பதால் மணலில் செருப்பு வேண்டும். ஏணியில் ஏறும்போது மட்டும் கழற்றுங்கள், வெறும் பாதம்தான் நன்றாகப் பிடிக்கும். அங்கன்வாடியில் ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவற விடாதீர்கள். இன்னொரு தொல்லை ஓடாத நீரூற்றுத் தொட்டி. மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவின் புழு நெளியும். அந்தக் கொசு பகலில் கடிப்பது, அதிலும் பொழுது சாய்வதற்கு முந்தைய நேரம் அதற்கு மிகவும் தோது. முழுக்கைச் சட்டை, முழுநீளப் பேண்ட் போட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பலத்த காற்றடித்த மறுநாள் பூங்காவைத் தவிர்த்துவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது சென்னையில் சாய்ந்த ஆயிரக்கணக்கான மரங்களில் குல்மொஹரும் பெருங்கொன்றையும் நிறைய. பாதி முறிந்து தொங்குகிற கிளை இரண்டு நாள் கழித்தும் விழும்.

உடைந்த சாமானைப் பார்த்தால் கோபப்பட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் போடுங்கள். சென்னையில் 200 வார்டு. "எங்க தெரு பார்க்ல ஊஞ்சல் சரியில்லை" என்று சொன்னால் அது யார் கைக்கும் போய்ச் சேராது. வார்டு எண், பூங்காவின் பெயர், கேட்டுக்குப் பக்கத்து மின்கம்பத்தின் எண், எந்தச் சாமானில் எந்தப் பாகம்: "இடது ஊஞ்சல், மேல் கொக்கி பாதி தேய்ந்துவிட்டது." புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சரி செய்யும்வரை சங்கிலியை மேல் கம்பியில் சுருட்டிக் கட்டி வைக்க வாட்ச்மேனிடம் சொல்லுங்கள், மற்றக் குழந்தைகள் ஏறாமல் இருக்கும். அவரையும், செடிக்குத் தண்ணீர் விடும் அம்மாவையும் குழந்தைக்கு முதல் வாரத்திலேயே தெரிய வைத்துவிடுங்கள். "தாத்தா வணக்கம்", "அக்கா, நானும் தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்கப் பழகிய குழந்தை பூவைப் பிய்க்காது. எந்தச் செடிக்கு மருந்து அடித்தார்கள், குளவி எந்தக் கிளையில் கூடு கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், குழந்தை கூட இருந்தால் கேட்காமலே சொல்வார்கள்.

கிளம்புவதுதான் தினமும் பெரும்பாடு. "அஞ்சு நிமிஷம்" என்பது மூன்று வயதுக்கு அர்த்தமில்லாத சொல். "இன்னும் மூணு சறுக்கு" என்று சொல்லி, ஒவ்வொன்றையும் சேர்ந்து எண்ணுங்கள். மூன்றாவது முடிந்ததும் நாலாவது கொடுக்காதீர்கள். ஒருநாள் கொடுத்தால் மறுநாள் எண்ணிக்கைக்கு மதிப்பு போய்விடும். பூங்காவில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால் இன்னும் சுலபம். பொழுது சாயும்போது அதன் இலைகள் ஜோடி ஜோடியாக மடியத் தொடங்கும். வந்ததும் விரிந்த இலையைக் காட்டிவிட்டு, "இது தூங்கப் போச்சுன்னா நாமும் வீட்டுக்கு" என்று சொல்லி வையுங்கள். அண்ணாந்து அண்ணாந்து பார்த்து, குழந்தையே வந்து சொல்லும். மேகம் மூடிய நாளில் மரம் சீக்கிரமே மடித்துவிடும். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுகை இருக்கும்.

கேட்டுக்கு வெளியே செருப்பை உதறி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டவுசர் பாக்கெட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். புங்கக் காய், குல்மொஹர் விதை, கூழாங்கல், காக்கை இறகு இருக்கும். குன்றிமணி இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். இறகைத் தொட்ட கையை இன்னொரு தடவை கழுவுங்கள். மிச்சத்தை வீட்டில் ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம்.